தண்ணீர் கேட்ட ஐந்து தோட்டங்கள்

மேமலை லயத்தின் ஐந்து காம்பராக்களுக்கும் பின்னால், வீட்டுக்கு ஒன்றாக ஐந்து தோட்டங்கள் இருந்தன. பூரணி அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒருநாளும் வரிசையாகப் போனதில்லை. முதல் நடைத் தண்ணீர் மூன்றாவது காம்பராவின் தோட்டத்துக்கு. இரண்டாம் நடை ஒன்றாவது காம்பராவுக்கு. மூன்றாம் நடைக்கு லயத்தின் மறு கோடிக்குப் போய் ஐந்தாவதில் ஊற்றுவாள். நான்காம் நடை அவள் குடியிருந்த இரண்டாவது காம்பராவுக்கு. கடைசி நடை நாலாவதுக்கு. மழைக்காலம் தவிர, எந்த நாளிலும் இந்த ஒழுங்கு மாறியதில்லை.

தண்ணீர், பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து வரவேண்டும். பீலியிலிருந்து லயத்துக்குக் கல்லில் வெட்டிய படிகள். 1956ஆம் ஆண்டு சித்திரையில் தங்கையைப் பார்க்க வலப்பனைப் பக்கமிருந்து வந்த நாகலெட்சுமி, அந்தப் படிகளை இறங்கும்போது ஒருதரமும் ஏறும்போது ஒருதரமும் எண்ணினாள். இரண்டு தரமும் நூற்று நாற்பத்து மூன்று. தங்கை இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் தனக்கு முன்னால் ஏறிப் போவதைக் கண்டு அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ரெண்டு தகரம், அஞ்சு நட. கொழுந்தெடுத்துட்டு வந்த கையோட இது ஒரு வேலையா? ஒரு வீட்டுக்கு எதுக்குடி இத்தன தோட்டம்?"

"எல்லாம் என்னோடது இல்லக்கா."

"அப்ப யாரோடது? இந்த லயத்துல ஒன்னயும் ஒம் புருசனையும் விட்டா ஒரு கோழிகூட இல்லியே."

பூரணி தகரத்தைச் சாய்த்துத் தண்ணீரைப் பாத்தியில் விட்டாள். அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீ போயி ரொட்டியத் திருப்பிப் போடுக்கா, கருகிறப் போவுது" என்றாள். அன்று அவள் சொன்னது அவ்வளவுதான்.

மேமலை அடங்கிய கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம் இருக்கிறது. மேற்கே அட்டன் மலைகளில் மழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கத்துக்குக் காற்று மட்டும்தான் வரும். சுடுகாற்று. அந்தக் காற்றை நேராக வாங்குவது மேமலை. அங்கே தேயிலை வைத்தவர்கள் காற்றை நினைக்காமல் வைத்துவிட்டார்கள். வடிகால் கான் வெட்டாமல் விட்டதில் மேல்மண் எல்லாம் மழைக்குக் கழுவிப் போனது. பூரணி வாழ்க்கைப்பட்டு வந்த 1946இல் தேயிலைச் செடிகள் பாதி குச்சியாக நின்றன. 1950இல் எஸ்டேட் அந்த மலையைக் கைவிட்டது. மானாப்புல் ஏறியது. ஆடியில் அதுவும் காய்ந்து, மலை முழுவதும் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் கிடக்கும். வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு, வேதப் புத்தகம் படிக்கும் லோரன்ஸ், அதற்கு வைத்த பெயர் வனாந்தரம்.

அந்த வனாந்தரத்தின் நடுவே ஐந்து காம்பரா லயம். பூரணியின் புருசன் அழகுமுத்துவுக்கு மலைமேலிருந்த விறகுக் காட்டைக் காவல் காக்கும் வேலை. பூரணிக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை. இரண்டு பேருக்கும் எஸ்டேட்டின் பேர்ப்பதிவான செக்ரோலில் தனித்தனிப் பேர். 1947 ஆவணியில் மகள் பிறந்தாள். கோமளம் என்று பெயர் வைத்தார்கள். பேசப் பழகிய நாளிலிருந்து கோமளத்துக்கு ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் இரண்டு தரம் கேட்பாள். "ம்மா, ரொட்டி. ம்மா, ரொட்டி." ஒருதரத்திலேயே கொடுத்துவிட்டாலும் இரண்டாவது தரத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

1951 ஆடியில் மேமலை லயத்துக்குள் வாந்திபேதி வந்தது. பதினோரு நாளில் ஐந்து பிள்ளைகள் போனார்கள். மூன்றாவது காம்பரா மீனம்மாவின் மகன் கதிர்வேல் முதலில். ஒன்றாவது காம்பரா சுகிர்தத்தின் மகள் பெற்றீசியா இரண்டாவது. பிறகு ஐந்தாவது காம்பரா செல்லசாமியின் மகன் ராசு. நான்காவதாகக் கோமளம். கடைசியில் நாலாவது காம்பரா அம்மாக்கண்ணுவின் கைக்குழந்தை.

பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அந்த லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். உள்ளே போகிற தண்ணீர்தான் பேதியாக வெளியே வருகிறது. தண்ணீரை நிறுத்தினால் பேதி நிற்கும். உதடு காய்ந்தால் நனைத்த துணியால் தடவலாம். பூரணிக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. உப்பு கரிக்கும் என்பது தெரிந்த மாதிரி தெரியும்.

கோமளம் மூன்று நாள் கேட்டாள். "ம்மா, தண்ணி. ம்மா, தண்ணி." காம்பராவின் மூலையில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பிள்ளை அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் பார்ப்பதைத் தாங்காமல் பூரணி குடத்தைத் தூக்கி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தாள். தூக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்பிய சத்தம் கேட்டது. பிள்ளைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கோமளம் ஒருதரம்தான் கேட்டாள். இரண்டாவது தரம் கேட்கவில்லை.

மயானம் மலையடியில், பணிய லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது பணிய லயத்துச் சனம் பாதையில் கம்போடு நின்றது. நோய் தங்கள் பக்கம் வந்துவிடும் என்ற பயம். "திரும்பிப் போயிருங்க, எங்க புள்ளைகளும் சின்னப் புள்ளைக" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையில் கம்பும் இருந்தது. ஆகவே அழகுமுத்துதான் ஒவ்வொரு காம்பராவுக்குப் பின்னாலும் குழி வெட்டினான், ஐந்தையும். ஆபீசில் போய், மயானத்தில் அடக்கியாயிற்று என்று சொன்னவனும் அவன்தான். உண்மை தெரிந்தால் காவல் வேலை போய்விடும். மண்மேடு தெரியக் கூடாது என்று அவரவர் வீட்டில் இருந்த விதையையோ தண்டையோ எடுத்து மேலே போட்டார்கள். மீனம்மா போஞ்சி போட்டாள். சுகிர்தம் ரோசாக் குச்சி நட்டாள். செல்லசாமி முள்ளங்கி. அம்மாக்கண்ணு புதினா. பூரணியின் வீட்டில் கொத்தமல்லி மட்டும்தான் இருந்தது.

அடுத்த வருசம் தைக்குள் நான்கு குடும்பங்களும் பணிய லயத்துக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டன. செல்லசாமி குடும்பம் 1953இல் இந்தியாவுக்கே போய்விட்டது. அழகுமுத்துவைப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காவல்காரன் மலையில்தான் இருக்க வேண்டும்.

பூரணி முதலில் தன் கொத்தமல்லிப் பாத்திக்கு மட்டும்தான் தண்ணீர் ஊற்றினாள். 1952 ஆடியில் காற்றுத் தொடங்கிய நாலாம் நாள், பொழுது சாய்வதற்கு முன், தகரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது காம்பராவின் பின்புறமிருந்து யாரோ கேட்டார்கள். மானாப்புல் உரசுகிற சத்தம் என்று நினைத்தாள். காற்று நின்றது. சத்தம் நிற்கவில்லை. அன்று உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் கேட்டபோது தகரத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினாள். மூன்றாவதில் ஊற்றி முடித்ததும் ஒன்றாவதில் கேட்டது. பிறகு ஐந்தாவதில். போன ஒழுங்கிலேயே கேட்டார்கள். அவளும் அந்த ஒழுங்கிலேயே ஊற்றினாள்.

அழகுமுத்துவுக்கு இது தெரியும். அவன் லயத்தின் பின்புறம் போவதே இல்லை. விறகுக் காட்டுக்குச் சுற்றுவழியாகப் போவான்.

"ஒரு நட நீங்க தூக்குனா என்னாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அந்தப் பக்கம் என்னைக் கூப்புடாத புள்ள."

"ஒங்களுக்குக் கேக்கலியா?"

அவன் பீடியை அணைத்துக் காதில் செருகினான். "எனக்கு மண்வெட்டிச் சத்தம் கேக்குது. அது போதும்" என்றான்.

1955இல் டவுனிலிருந்து ஒரு டாக்டர் வந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேசினார். வாந்திபேதி கண்ட பிள்ளைக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை விடாமல் கொடுக்க வேண்டும், உடம்பில் தண்ணீர் வற்றுவதால்தான் பிள்ளை சாகிறது என்றார். மேமலையிலிருந்து போன பெண்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். அம்மாக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாங்க குடுத்தோமே ஐயா. குடுத்தும் போயிருச்சே."

"ஆமாங்க, குடுத்தோம்" என்றாள் மீனம்மா. சுகிர்தம் தலையை ஆட்டினாள். பூரணியும் ஆட்டினாள். ஆட்டும்போது அவள் நினைத்தது இதுதான்: இவர்கள் எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் கொடுக்கவில்லை.

அந்த நாளோடு அந்தப் பெண்கள் மேமலைப் பக்கம் விறகு பொறுக்கக்கூட வருவதை நிறுத்தினார்கள். பூரணியைக் கொழுந்து மலையில் கண்டால் வேறு நிரைக்கு நகர்ந்துபோனார்கள். மேமலைக்காரிக்குப் பேய் பிடித்திருக்கிறது, அவள் பறித்த கீரையை வாங்காதே என்ற பேச்சும் வந்தது. யாரும் கேட்காமலே பேய்க்கீரை என்று பெயரும் வைத்தார்கள். பூரணி அதை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ நினைத்ததில்லை. போஞ்சி முற்றி வெடித்து அதே பாத்தியில் விழுந்து முளைத்தது. முள்ளங்கி பூத்துக் காய்த்து உதிர்ந்தது. கொத்தமல்லி இடுப்புயரத்துக்குப் போய்ப் பூத்தது.

இவ்வளவும் நடந்தபின்தான் 1957 ஆடியில் எதிர்மலையில் நின்ற கண்டாக்கு லோரன்ஸின் கண்ணில் அந்தப் பச்சை பட்டது. காய்ந்த மலையின் நடுவில் ஐந்து பச்சைத் துண்டு. குதிரைப் பாதையில் ஏறி நேராக வந்துவிட்டார்.

"என்ன பூரணி, வனாந்தரத்துல வானத்து மன்னா அப்பம் பொழிஞ்சிருக்கு! எங்களுக்கெல்லாம் சொல்லாம நீ மட்டும் பொறுக்கித் திங்கிறியா?"

"கீரைங்க ஐயா. சும்மா போட்டது."

அவர் சும்மா விடவில்லை. அந்த வருசம் எஸ்டேட்டை நடத்தும் துரை, வீட்டுத் தோட்டப் போட்டி ஒன்று வைத்திருந்தார். துரையும் அவர் மனைவி துரைசாணியும் ஒவ்வொரு லயமாகச் சுற்றிப் பார்த்துப் பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. லோரன்ஸ் மேமலையையும் சுற்றில் சேர்த்தார். மூன்றாம் நாள் மறுபடி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. நல்ல செய்தி கொண்டுவந்ததாகவே அவர் நினைத்திருந்தார்.

"துரைகிட்டச் சொன்னேன். ரொம்பச் சந்தோசம். இந்த மலையிலயே இப்புடி வெளையுதுன்னா, லயத்துப் பின்பக்கத்த முழுசா ரெண்டடி ஆழத்துக்குக் கொத்திப் பொரட்டி, தேயிலை நாத்துப் போடலாம்ங்கிறார். பீலியிலேருந்து பைப் போட்டுத் தண்ணியும் வரும். ஒனக்கு இனி தகரம் தூக்குற வேலை இல்ல."

பூரணி பாத்திக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அது எங்க தோட்டங்க ஐயா."

"ஒன்னோடது ஒனக்குத்தான். செக்ரோல்ல பேர் உள்ள ஆள், தானே கொத்தித் தானே தண்ணி ஊத்துற தோட்டத்த எஸ்டேட் தொடாது. அது துரையே போட்ட சட்டம். ஆனா ஒரு பேருக்கு ஒரு தோட்டம். அஞ்சையும் நீயே வச்சிக்கிட்டா எப்புடி? மத்த நாலுக்கும் ஆள் இருந்தா, ஞாயித்துக்கிழமை சுத்துல அவங்கவங்க தோட்டத்துல நிக்கட்டும். இல்லாட்டித் திங்கக்கிழமை மண்வெட்டி வரும்."

அவர் போனபின் பூரணி அழகுமுத்துவிடம் சொன்னாள். "ரெண்டடியா?" என்றான் அவன். அவன் வெட்டிய குழிகளும் அதைவிட ஆழம் இல்லை. பாறை தடுத்துவிட்டது.

"நீங்க ஒரு பேரு. நான் ஒரு பேரு. இன்னும் மூணு பேரு வேணும்" என்றாள் பூரணி.

"அந்தப் பொம்பளைக வர மாட்டாங்க."

"கேட்டுப் பாக்குறேன்."

சனிக்கிழமை அரைநேர வேலை. கொழுந்து நிறுத்து முடிந்ததும் அவள் பணிய லயத்துக்குப் போனாள். மீனம்மாவின் இஸ்தோப்பில் மூன்று பேரும் இருந்தார்கள். மீனம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுகிர்தம் அம்மாக்கண்ணுவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேமலை மகாராணி" என்றாள் மீனம்மா, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல். "துரைசாணியே ஒங்க வீட்டுக்கு வாறாங்களாமே. எங்க வாசல்ல ஒங்களுக்கு என்னா வேல?"

"நாளைக்கு நீங்க மூணு பேரும் மேல வரணும் மீனாக்கா."

"எதுக்கு? ஒம் பேய்க்கீரைக்கு வாசம் பாக்கவா?"

அம்மாக்கண்ணு சிரித்தாள். பூரணி உட்காரவில்லை. நின்றபடியே, கண்டாக்கு சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். திங்கட்கிழமை, இரண்டடி ஆழம், ஒரு பேருக்கு ஒரு தோட்டம். சுளகு நின்றது.

"கொத்தட்டும்" என்றாள் மீனம்மா. "என்னா இருக்கு அங்க?"

"கதிர்வேலு இருக்கான்."

"அந்தப் பேரைச் சொல்லாத! ஒன்னைத் தண்ணி ஊத்தச் சொன்னது யாருடி? நாங்க யாராச்சும் ஒன்னைக் கேட்டமா?"

"அவன் கேட்டான்."

"என்னா கேட்டான்?"

"தண்ணி."

மீனம்மா சுளகைத் தூக்கி எறிந்தாள். அரிசி இஸ்தோப்பு முழுக்கச் சிதறியது. எழுந்து உள்ளே போகத் திரும்பினாள். பூரணி அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் குடுக்கல மீனாக்கா. நீங்கல்லாம் குடுத்தீங்க. நான் குடுக்கல. கோமளம் மூணு நாளு கேட்டா. கொடம் நெறையத் தண்ணி இருந்துச்சு. அவ பாக்குறான்னு கொடத்தத் தூக்கி வெளிய வச்சேன். டாக்டர் கேட்டப்ப நானும் தலைய ஆட்டுனேன். பொய்."

சுகிர்தத்தின் விரல் அம்மாக்கண்ணுவின் தலைமுடிக்குள் அப்படியே நின்றது.

"நீயுமா?" என்றாள் சுகிர்தம்.

மீனம்மா நிலையைப் பிடித்தபடி நின்றாள். திரும்பவில்லை. "எங்கவன் எந்திரிச்சு நடந்துட்டான்" என்றாள் உள்ளே பார்த்தபடி. "கொடத்துக்கிட்ட. நாந்தான் தூக்கிட்டு வந்து படுக்க வச்சேன்."

அம்மாக்கண்ணு குனிந்து சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். பூரணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று கடுமையாக இருந்தது. பத்து மணிக்குத் துரையும் துரைசாணியும் கண்டாக்கும் குதிரைப் பாதையில் ஏறி வருவது தெரிந்தது. பூரணி தன் கொத்தமல்லிப் பாத்தியில் நின்றாள். மற்ற நான்கிலும் யாரும் இல்லை. அப்போது பீலிப் படியில் முக்காட்டுச் சேலைகள் மேலே வருவதைக் கண்டாள். முன்னால் மீனம்மா. அவள் பின்னால் சுகிர்தம். வெகுதூரம் தள்ளி அம்மாக்கண்ணு. மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு செம்பு. மூடியில்லாத செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றில் தண்ணீர் தெறிக்காமல் மெல்ல ஏறிவந்தார்கள். பூரணியின் முகத்தைப் பார்க்காமலே அவரவர் தோட்டத்துக்குப் போனார்கள். ஆறு வருசமாகியும் இடம் யாருக்கும் தடுமாறவில்லை.

ஐந்தாவது தோட்டம் மட்டும் காலியாக இருந்தது. பூரணி லயத்தின் கோடியைப் பார்த்தாள். அழகுமுத்து சுவரின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். சுவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. துரையின் சத்தம் கிட்ட வந்தது. அவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியவன் நடப்பதுபோல் காலால் தடவித் தடவி வந்து முள்ளங்கிப் பாத்தியின் ஓரத்தில் நின்றான்.

துரை ஒன்றாவது காம்பராவிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஒழுங்கு சரியில்லை என்று பூரணிக்குப் பட்டது. மூன்றாவதுக்குத்தான் முதலில் போகவேண்டும்.

"இது யார் தோட்டம்?" அவர் தோட்டத் தமிழில் கேட்டார்.

"என் மகள்... என்னோடதுங்க" என்றாள் சுகிர்தம்.

லோரன்ஸ் புத்தகத்தில் பேரைக் குறித்தார். எழுதும்போது சுகிர்தத்தின் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவதில் பூரணியிடம் துரைசாணி கேட்டாள், "இந்த மலையில் தண்ணீர் இல்லை. எப்படி வளருது?"

"கேக்கும்போது குடுக்குறோங்க" என்றாள் பூரணி.

மூன்றாவது தோட்டத்தில் துரை நின்றுவிட்டார். அவர் கையில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி இருந்தது. மண் எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாம் என்று கண்டாக்கிடம் சொல்லிக்கொண்டே, போஞ்சிப் பாத்தியின் நடுவில் அதைக் குத்தினார். தடி அரைச்சாண் இறங்கியது. இன்னும் அழுத்தப் போனார்.

"வேணாங்க துரை!"

மீனம்மா கத்திய கத்தலில் துரைசாணி ஓரடி பின்னால் போனாள். மீனம்மா பாத்திக்குள் காலை வைத்து, தடியின் கீழே தன் கையை வைத்துவிட்டாள்.

"வெதை போட்டிருக்குங்க."

துரை தடியைத் தூக்கினார். "என்ன விதை?"

மீனம்மா தடி குத்திய துளையை உள்ளங்கையால் மூடினாள். லோரன்ஸ்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீசில் என்னவோ சொன்னார். துரை சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்தார். லோரன்ஸ் அன்று என்ன சொன்னார் என்பதைப் பிற்காலத்திலும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து தோட்டம், ஐந்து பேர் என்று புத்தகத்தில் எழுதி முடித்தார். பாதையில் இறங்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் மூன்று பெண்களும் செம்பைச் சாய்த்தார்கள். மீனம்மா முதலில். அவள் ஊற்றி முடிக்கும்வரை சுகிர்தம் காத்திருந்தாள். அதன்பின் செல்லசாமியின் பாத்திக்கு அழகுமுத்து, பூரணியின் தகரத்திலிருந்து கையால் அள்ளி ஊற்றினான். அந்த ஒழுங்கை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பூரணி ஊற்றினாள். கடைசியில் அம்மாக்கண்ணு. ஊற்றிவிட்டுப் புதினாவின் மேல் அப்படியே முகம் கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

பரிசு பணிய லயத்தில் ஒருவரின் கோவாப் பாத்திக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை மண்வெட்டி வரவில்லை. பைப்பும் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை பூரணி வழக்கம்போலத் தகரங்களோடு மூன்றாவது தோட்டத்துக்குப் போய் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றாவதிலும் கேட்கவில்லை. ஐந்தாவதிலும் இல்லை. மலை முழுவதும் காற்று இருந்தது. அதற்குள் யாரும் இல்லை. ஐந்து வருசத்தில் அவளுக்கு அப்படியொரு அமைதி வாய்த்ததில்லை. தகரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் காம்பராவின் பின்புறம் வந்தாள்.

"ம்மா, தண்ணி."

ஒருதரம். அவ்வளவுதான்.

அதன்பின் ஞாயிறுதோறும் பெண்கள் மேலே வந்தார்கள். பேசிக்கொண்டே மெல்ல வெற்றிலையும் கொண்டுவந்தார்கள். மீனம்மா போஞ்சியைப் பறித்துக்கொண்டு போய்க் கறி வைத்தாள். "நல்லாத்தாண்டி இருக்கு ஒம் பேய்க்கறி" என்று மறுவாரம் வந்து சொன்னாள். செல்லசாமியின் பாத்தியை அழகுமுத்து பார்த்துக்கொண்டான். பூரணிக்கு இப்போது ஒரு தோட்டம்தான். ஆனாலும் அவள் ஐந்து நடைக்குக் குறைத்ததில்லை. பத்துத் தகரத் தண்ணீரும் அந்த ஒரு பாத்திக்குத்தான். மண் குடித்தது போக மீதி சரிவில் ஓடி, மானாப்புல்லுக்குள் போய் மறையும்.

1965 ஆடியில் நாகலெட்சுமி மறுபடி வந்தாள். பூரணிக்கு முப்பத்தாறு வயது. இரண்டு உள்ளங்கையிலும் தழும்பு ஏறியிருந்தது. முதல் தடவை சொல்லாததை எல்லாம் இந்தத் தடவை அக்காவிடம் சொன்னாள். நாட்களையும் வருசங்களையும் நாகலெட்சுமி திருப்பித் திருப்பிக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். தங்கை பீலியிலிருந்து ஏறி வந்தபோது, எட்டிப் போய் ஒரு தகரத்தைப் பறித்தாள்.

"பதினாலு வருசம் தூக்கிட்டடி. போதும். இன்னைக்கு நான் ஊத்துறேன். நானும் அவளுக்குப் பெரியம்மாதானே?"

"நீ ஊத்தாதக்கா."

"ஏன்?"

"அவ எங்கிட்டத்தானே கேட்டா."

காற்று நின்றிருந்தது. மானாப்புல் ஒரு தாள்கூட அசையவில்லை. நாகலெட்சுமி தகரத்தைச் சாய்க்கப் போனவள், பாதியில் கையை நிறுத்தினாள். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத அவள், இரண்டாவது தரத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அது வரவில்லை. தகரத்தை மெல்லத் தங்கையின் கையில் கொடுத்தாள்.